ஏறுபவரா, பிடிப்பவரா?

பார்வையாளரைக் கட்டிப்போடுவது தாக்குதலா, தற்காப்பா? கிழக்குக் கடற்கரைச் சாலையின் கபடிக் களங்களில் தொடங்கி அமெரிக்காவின் பனிக்களம் வரை நீளும் ஒரு வழக்கு.

கோவளத்தைத் தாண்டி மாமல்லபுரம் போகும் வழியில் வருகிறது திருவிடந்தை. கல்யாணம் கைகூட வேண்டி மாலையோடு நித்திய கல்யாணப் பெருமாளைச் சுற்றி வருகிறவர்களால் வெளியூருக்கெல்லாம் தெரிந்த ஊர். 2018 ஏப்ரலில் நாட்டின் பாதுகாப்புத் தளவாடக் கண்காட்சியும் இங்கேதான் நடந்தது. ஆனால், இந்தக் கடலோரத்து இளைஞர்களைப் பொங்கலுக்கும் திருவிழாவுக்கும் ராத்திரி முழுக்கத் தூங்கவிடாமல் செய்வது மின்னொளிக் கபடி. கல் பொறுக்கிச் சமன் செய்த மண் களம், கம்பங்களில் கட்டிய விளக்குகள், மூச்சுவிடாமல் பேசும் மைக்காரர், கோட்டுக்குள் காலை நீட்டாதே என்று விரட்டப்பட்டும் திரும்பத் திரும்ப முன்னால் நகர்ந்து வரும் கூட்டம்.

அந்தக் கூட்டத்தில் எப்போதும் இரண்டு கட்சி உண்டு. ரெய்டு போகிறவர் பெயரைக் கத்துவது பெரிய கட்சி. கார்னரில் குனிந்து நிற்கும் கேட்ச்சரின் கையையே பார்த்துக்கொண்டிருப்பது சின்னக் கட்சி. பெரும்பாலும் முன்பு ஆடியவர்கள். நாலு பேரைத் தொட்டுவிட்டு நடுக்கோட்டுக்குப் பாய்பவரைப் பார்க்கும்போது பெரிய கட்சி எழுந்து நிற்கும். அடுத்த ரெய்டில் அதே ஆளைக் கணுக்காலில் பிடித்து மண்ணோடு அழுத்தும்போது சின்னக் கட்சி எழுந்து நிற்கும். பார்க்க எது சுகம் என்ற சண்டை ஆட்டம் முடிந்து டீக்கடை வரை போகும்.

இந்தச் சண்டை நமக்கு மட்டும் உரியதல்ல. ஐஸ் ஹாக்கி ரசிகர்கள் இதே கேள்வியில் பல ஆண்டுகளாக முட்டிக்கொள்கிறார்கள்: கோல் மழை பொழியும் ஆட்டமா, எதிராளியை மூச்சுத் திணறவைக்கும் ஆட்டமா? கால்பந்திலும் செஸ்ஸிலும் உண்டு. எந்தப் பக்கம் நின்றாலும் பதிலில் ஏதோ ஒன்று இடிக்கிறது. கேள்வியையே கொஞ்சம் நகர்த்திப் பார்க்க வேண்டும். அதற்குக் கபடியைவிட நல்ல களம் கிடையாது.

ஒருவர் எதிர் எழுவர்

ரெய்டருக்கு ஏன் இவ்வளவு கைத்தட்டல் என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். எதிரே ஏழு பேர். கையில் முப்பது விநாடி. மூச்சை விடாமல் பாடிக்கொண்டே போக வேண்டும், தொட வேண்டும், திரும்பியும் வர வேண்டும். ஒவ்வொரு ரெய்டுக்குள்ளும் ஒரு முழுக் கதை இருக்கிறது. தமிழ் சினிமா அதைச் சரியாகவே பிடித்துக்கொண்டது. 2004-ல் ‘கில்லி’, 2009-ல் ‘வெண்ணிலா கபடிக்குழு’, 2025-ல் மணத்தி கணேசனின் வாழ்க்கையை ஒட்டி வந்த ‘பைசன்’ என்று கபடிப் படங்களுக்கு இங்கே தனி மவுசு. 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியில் இருந்து, அர்ஜுனா விருதும் பெற்றவர் கணேசன். கேமராவுக்குப் பிடித்தது ஏறிப்போகும் கால். பிடிக்கும் கைக்கு ஒரு முழுநீளப் படம் எடுக்க யாருக்கும் இன்னும் துணிச்சல் வரவில்லை.

திரைக்கு வெளியே, சென்னை நேரில் பார்த்த சாட்சி ஒன்று இருக்கிறது. 2017 அக்டோபர் 28, ஜவாஹர்லால் நேரு உள்விளையாட்டரங்கம். புரோ கபடி ஐந்தாவது சீசனின் இறுதியாட்டம். பாட்னா பைரேட்ஸின் பர்தீப் நர்வால் அந்த சீசனில் மட்டும் 369 ரெய்டு புள்ளிகள் குவித்தவர். அதற்குச் சில நாள் முன்புதான் ஹரியானா ஸ்டீலர்ஸுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 34 புள்ளிகள் எடுத்திருந்தார். பிடிக்க நீளும் கைகளுக்கு அடியில் குனிந்து நழுவும் அவருடைய ‘டுப்கி’யைப் பார்க்கவே டிக்கெட் வாங்கியவர்கள் உண்டு. இறுதியாட்டத்தில் 19 புள்ளிகள் எடுத்தார். பாட்னா 55–38 என்று கோப்பையைத் தூக்கியது.

தாக்குதல் கட்சி இந்த ஆட்டத்தைத் தங்கள் சாட்சியாகச் சொல்லும். சொல்லட்டும். ஆனால், அன்று எதிரே நின்றது யார்? அறிமுக சீசனிலேயே இறுதிக்கு வந்த குஜராத். அதன் பலமே ஈரானின் ஃபசல் அத்ராச்சலியும் அபோசர் மிகானியும் சேர்ந்து கட்டிய தற்காப்பு. பர்தீப் ஒவ்வொரு முறை கோட்டைத் தாண்டும்போதும் அரங்கம் மூச்சைப் பிடித்தது ஃபசல் அங்கே நின்றதால்தான். நோஞ்சான் கைகள் காத்திருந்தால் ‘டுப்கி’ வெறும் குட்டிக்கரணம்.

பிடியின் கணக்கு

ஃபுட்பாலிலும் ஹாக்கியிலும் தற்காப்பு வீரரால் அதிகபட்சம் செய்ய முடிவது, எதிராளிக்குப் பூஜ்யத்தை வாங்கித் தருவது. எவ்வளவு அற்புதமாகத் தடுத்தாலும் தன் அணியின் கணக்கில் ஒரு கோல்கூட ஏறாது. கபடி அப்படியல்ல. பிடித்தால் புள்ளி. எதிரணியின் ஆளும் வெளியே. வெளியே உட்கார்ந்திருக்கும் தன் ஆள் ஒருவர் உள்ளே வருவார். ஒரே பிடியில் மூன்று லாபம். அதனால் இங்கே தற்காப்பு என்பது கதவை மூடிவிட்டு உட்கார்வதல்ல; வேட்டை.

அந்த வேட்டைக்கு ஒழுங்கு உண்டு. கார்னரில் நிற்பவர் தாழ்ந்து நிற்பார்; ரெய்டரின் பின்னங்கால் எடை மாறும் அந்தக் கண் சிமிட்டும் நேரத்துக்குத்தான் அவர் காத்திருப்பது. முந்தினால் தொடுபட்டு வெளியே. பிந்தினால் கையில் காற்று. கணுக்காலை அவர் பூட்டியதும் கவரில் நிற்பவர் மார்பால் மோதி வழியை அடைக்க வேண்டும். கை கோத்து நிற்கும் செயின் அறுபடாமல் சுருங்க வேண்டும். ஒருவர் தவறினால் மூவர் அவுட். ரெய்டர் தனியாகத் துணிகிறார். கேட்ச்சரோ தன் துணிச்சலுக்குக் கூட நிற்கும் அத்தனை பேரையும் பணயம் வைக்கிறார்.

தமிழ்நாட்டிலிருந்து போன தர்மராஜ் சேரலாதன் இந்த வித்தையின் வாத்தியார். நாற்பதைத் தாண்டிய வயதில் பாட்னாவுக்குத் தலைமையேற்று 2016-ல் நான்காவது சீசன் கோப்பையை வென்றவர். அதே ஆண்டு உலகக் கோப்பை வென்ற இந்திய அணியிலும் இருந்தவர். அந்த வயதில் ரெய்டு போய் இருபது வயதுப் பையன்களோடு ஓடிப்பிடிக்க முடியாது. கார்னரில் நின்று அவர்களுடைய காலைப் படிக்க முடியும். வேகம் போன பிறகும் புத்தி நிற்கும் இடம் அது.

தற்காப்பு எவ்வளவு பெரிய நாடகத்தை நடத்தும் என்பதற்கு 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டு சாட்சி. 1990-லிருந்து தொடர்ந்து ஏழு தங்கம் வென்றிருந்த இந்திய ஆடவர் அணி, அரையிறுதியில் ஈரானிடம் 18–27 என்று வீழ்ந்தது. இந்தியாவிடம் அஜய் தாக்கூர் உள்ளிட்ட பெயர்போன ரெய்டர்கள். அவர்கள் திரும்பத் திரும்ப ஈரானின் கைகளில் சிக்கினார்கள். நமக்கு வலித்த ஆட்டம்தான். ஆனால், சலிப்பான ஆட்டம் என்று அதைப் பார்த்த எவரும் சொல்ல மாட்டார்கள்.

சந்தையும் இதை ஒப்புக்கொண்டுவிட்டது. 2023 புரோ கபடி ஏலத்தில் ரெய்டர் பவன் செராவத் 2.60 கோடி ரூபாய்க்கு மேல் போனார். அதே ஏலத்தில் ஈரானின் முகமதுரெசா ஷாத்லூயி 2.35 கோடிக்குப் போனார். 99 டேக்கிள் புள்ளிகள் எடுத்துப் புனேரி பல்தானுக்கு முதல் கோப்பையை வாங்கித் தந்தது அந்த ஷாத்லூயி. அடுத்த ஆண்டு ஹரியானா ஸ்டீலர்ஸ் அவரை எடுத்தது. அடுத்த கோப்பை ஹரியானாவுக்கு.

வெறும் ரெய்டு

ஏறுவதும் சுகம், பிடிப்பதும் சுகம் என்றால் சலிப்பு எங்கிருந்து வருகிறது? கபடி பார்ப்பவர்களுக்கு விடை தெரியும். ரெய்டர் வருகிறார், பால்க் கோட்டை மட்டும் தாண்டுகிறார், காற்றில் கையை வீசுகிறார், கடிகாரத்தைப் பார்க்கிறார், திரும்பிப் போகிறார். தற்காப்பு அணியும் பின்கோட்டோரம் ஒதுங்கி, போனால் போகட்டும் என்று விட்டுவிடுகிறது. வெறும் ரெய்டு. அதில் ஏறுதலும் இல்லை, பிடியும் இல்லை.

இதை ஒழிக்கத்தான் ‘டூ ஆர் டை’ விதி வந்தது. தொடர்ந்து இரண்டு ரெய்டுகள் வெறுமையாகப் போனால், மூன்றாவதில் புள்ளி எடுத்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் ரெய்டர் அவுட், எதிரணிக்குப் புள்ளி. நல்ல நோக்கம். ஆனால் பயிற்சியாளர்கள் கணக்குப் போட்டார்கள். இரண்டை வெறுமையாக விட்டுவிட்டு, மூன்றாவதுக்கு மட்டும் ஆளைத் தேர்ந்தெடுத்து அனுப்பினால் என்ன? இரண்டு அணிகளும் இதையே செய்தால் ஆறு ரெய்டுகளில் நான்கு வெறுமை. நாற்பது நிமிட ஆட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கு நேரம் நடைப்பயிற்சியில் போய்விடும். சலிப்பை ஒழிக்க வந்த விதி, எத்தனை முறை சலிப்பூட்டலாம் என்று அளவு சொல்லித் தந்துவிட்டது.

புரோ கபடி இறுதியாட்டங்களின் புள்ளிக்கணக்கிலும் ஒரு மாற்றம் தெரிகிறது. சென்னையில் 55–38. அடுத்து 38–33, 39–34, 37–36, 33–29. 2024 மார்ச்சில் புனேரி வென்றது 28–25. அதே ஆண்டு டிசம்பரில் ஹரியானா 32–23. 2025-ல் டெல்லி 31–28. இதைப் பார்த்ததும் ‘கபடி செத்துவிட்டது’ என்று பெரிய கட்சி புலம்பும். அவசரப்பட வேண்டாம், 2016-ன் தொடக்கத்தில் நடந்த மூன்றாவது சீசன் இறுதியும் 31–28தான். குறைந்த புள்ளிகள் என்பதாலேயே ஆட்டம் மட்டமாகிவிடாது. 28–25 என்ற கணக்கில் எத்தனை புள்ளி பிடியில் வந்தது, எத்தனை நிமிடம் வெறுமையில் கழிந்தது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

இன்னொரு விதி இதற்கு நேர்மாறாக வேலை செய்தது: சூப்பர் டேக்கிள். களத்தில் மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ இருக்கும்போது பிடித்தால் இரட்டைப் புள்ளி. தோற்றுக்கொண்டிருக்கும் அணியின் கடைசி மூவர் திடீரென்று களத்திலேயே ஆபத்தானவர்களாக மாறுகிறார்கள். ஆல் அவுட் செய்ய வேண்டுமென்றால் ரெய்டர் உள்ளே போயே ஆக வேண்டும். போனால் இரண்டு புள்ளி பறிபோகலாம். இந்த விதி யாரையும் மிரட்டவில்லை. துணிந்து பிடிப்பவருக்குக் கூலியை உயர்த்தியது, அவ்வளவுதான்.

நம்மூர்த் தமிழ் தலைவாஸ் கதையும் இங்கே பொருந்தும். எட்டாவது சீசனில் சுர்ஜீத் சிங், சாகர் என்று தற்காப்பு கெட்டியாக இருந்தது. ரெய்டில் வலு போதவில்லை. சமநிலை ஆட்டங்கள் குவிந்தன, பிளே-ஆஃப் கிட்டவில்லை. அடுத்த சீசனின் முதல் ஆட்டத்திலேயே பவன் செராவத் முழங்கால் காயத்தோடு வெளியேறினார். முடிந்தது கதை என்று நினைத்தபோது நரேந்தர் என்ற புதுப் பையன் 243 ரெய்டு புள்ளிகள் எடுத்தார். அணி முதன்முறையாக அரையிறுதி பார்த்தது. பிடி மட்டும் இருந்தபோது தலைவாஸ் தோற்காமல் தப்பிக்கத் தெரிந்த அணி. ஏறுதலும் சேர்ந்தபோது பார்க்க வேண்டிய அணி.

பனிக்களத்தில் ஒரு பொறி

இனி ஐஸ் ஹாக்கிக்குப் போகலாம். பனித்தரையை இரண்டு நீலக் கோடுகள் மூன்றாகப் பிரிக்கின்றன. நடுப்பகுதி யாருக்கும் சொந்தமில்லை. நியூ ஜெர்ஸி டெவில்ஸ் அணியின் பயிற்சியாளர் ஜாக் லெமேர் அந்த நடுப்பகுதியையே பொறியாக்கினார். எதிரணி ‘பக்’ எனும் வட்டோடு வரும்போது ஓடிப்போய் மோதுவதில்லை, நடுவில் வழிகளை அடைத்து நிற்பது, ஓரத்துக்குத் தள்ளுவது, பிழை விட்டதும் பறிப்பது. 1995-ல் பலம் வாய்ந்த டெட்ராய்ட்டை 4–0 என்று துடைத்து ஸ்டான்லி கோப்பையை வாங்கினார்கள். வென்ற வழி பரவாமல் இருக்குமா? அணி அணியாகப் பொறி வைத்தார்கள். 1980-களில் எட்மண்டன் ஆயிலர்ஸின் வேய்ன் கிரெட்ஸ்கி ஒரே சீசனில் 92 கோல் அடித்த அதே லீகில், 2003-04 சீசனில் இரண்டு அணிகளும் சேர்ந்து ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக அடித்தது ஐந்து கோல்களுக்குச் சற்று மேல்.

சம்பளத் தகராறில் 2004-05 சீசன் முழுவதும் ரத்தானது. திரும்பி வந்தபோது விதிகளும் மாறியிருந்தன. நீண்ட பாஸுக்குத் தடையாக இருந்த விதி போனது. கோல்கீப்பரின் கவசம் சுருங்கியது. மட்டையால் கொக்கி போட்டு இழுப்பதும் பிடித்து நிறுத்துவதும் கண்டிப்போடு தண்டிக்கப்பட்டன. சராசரி ஆறு கோல்களைத் தாண்டியது.

தாக்குதல் வென்றது என்று இதைப் படிப்பது வழக்கம். கூர்ந்து பார்த்தால் வேறு தெரிகிறது. அந்த விதிகள் தடுப்பாட்டத்தைத் தடை செய்யவில்லை. தடுப்பதற்கு உழைக்காமல் ஆட்டத்தையே நிறுத்தி வைக்கும் தந்திரத்துக்குத்தான் விலை வைத்தன. பொறி வைத்த அதே டெவில்ஸின் கோல்கீப்பர் மார்டின் ப்ரோடர், புதிய விதிகளுக்குப் பிறகும் 2007-லும் 2008-லும் லீகின் சிறந்த கோல்கீப்பர் விருதை வாங்கினார். உண்மையான தற்காப்புக்காரருக்கு எந்த விதியும் பாதகம் செய்யவில்லை.

பூஞ்சேரியில் பார்த்தது

திருவிடந்தையிலிருந்து தெற்கே மாமல்லபுரத்தை ஒட்டிய பூஞ்சேரியில், 2022 ஜூலை கடைசியிலும் ஆகஸ்ட் தொடக்கத்திலும் 44-வது செஸ் ஒலிம்பியாட் நடந்தது. வேட்டி கட்டிய குதிரை ‘தம்பி’யை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். இந்தியாவின் இரண்டாம் அணியில் முதல் பலகையில் ஆடிய 16 வயது குகேஷ், அடுத்தடுத்து எட்டு ஆட்டங்களை வென்றார். எட்டாவதாக வீழ்ந்தவர் அமெரிக்காவின் ஃபேபியானோ கருவானா. பத்தாவது சுற்றில் உஸ்பெகிஸ்தானின் நோதிர்பெக் அப்துசத்தோரோவ். குகேஷ் கையில் வெற்றி நிலை. எதிரே இருப்பவர் விடவில்லை. ஒவ்வொரு நகர்த்தலிலும் புதுப் புதுச் சிக்கலை வைத்துக்கொண்டே இருந்தார். நேரம் ஒழுகியது. வெற்றிக்கு முயன்ற கையே தவறியது, குகேஷ் தோற்றார். இன்னொரு பலகையில் பிரக்ஞானந்தா சிந்தாரோவை வீழ்த்தியதால் 2–2 என்று அணி தப்பியது. ஆனால் தங்கம் உஸ்பெகிஸ்தானுக்கு, நம் அணிக்கு வெண்கலம். அந்தப் போட்டியில் பலரும் இன்றும் பேசும் ஆட்டம் அந்த எட்டு வெற்றிகளில் ஒன்றல்ல. ஒருவர் தோல்வியின் விளிம்பில் நின்று விட்டுக்கொடுக்காமல் ஆடிய ஆட்டம்.

இரண்டாண்டு கழித்து சிங்கப்பூரில் உலகப் பட்டத்துக்கு அதே குகேஷ். எதிரே சீனாவின் டிங் லிரென். ஏழாவது ஆட்டத்தில் டிங் தோற்க வேண்டிய நிலையிலிருந்து 72 நகர்த்தல்கள் போராடி டிரா செய்தார். பார்த்தவர்கள் நகம் கடித்தார்கள். 2024 டிசம்பர் 12, பதினான்காவது ஆட்டம். வெள்ளைக் காய்களோடு ஆடிய அதே டிங் அன்று காய்களை மாற்றி மாற்றி வெட்டி, ஒரு சிப்பாயையும் விட்டுக்கொடுத்து, டிராவோடு டைபிரேக்குக்குப் போய்விடலாம் என்று பார்த்தார். சண்டை வேண்டாம் என்ற முடிவு. ஒரு யானை நகர்த்தல் பிசகியது; பட்டம் சென்னைக்கு வந்தது. ஒரே மனிதர், ஒரே தொடர். ஏழாவது ஆட்டத்தில் அவர் செய்தது தற்காப்பு. பதினான்காவதில் செய்தது தவிர்ப்பு. முன்னதில் நகம் கடித்தவர்கள்தான் பின்னதில் கொட்டாவி விட்டார்கள். அந்தக் கொட்டாவி அந்த ஒரு தவறான நகர்த்தல் வரை நீடித்தது.

தவிர்ப்புதான் எதிரி

வழக்கை இங்கே முடித்துவிடலாம். சலிப்பூட்டுவது தற்காப்பு அல்ல; தவிர்ப்பு. தாக்குதலிலும் தவிர்ப்பு உண்டு. வெறும் ரெய்டு அதுதானே? எதிர்ப்பே இல்லாத தாக்குதலும் ஆட்டமாகாது. 2025 இறுதியில் சென்னையிலும் மதுரையிலும் நடந்த ஜூனியர் உலகக் கோப்பை ஹாக்கியில் இந்தியா ஓமனை 17–0 என்று வென்றது. அந்த 17 கோல்களில் எத்தனை நினைவிருக்கிறது? அந்த அணியின் பயிற்சியாளராக இருந்த ஸ்ரீஜேஷ் வாழ்க்கை முழுக்க கோலைக் காத்தவர். 2024 பாரிஸ் ஒலிம்பிக் காலிறுதியில் அமித் ரோஹிதாஸ் 17-வது நிமிடத்தில் சிவப்பு அட்டையோடு வெளியேற, மிச்ச நேரம் முழுவதும் பத்துப் பேரோடு பிரிட்டனைத் தாக்குப்பிடித்து, 1–1 என்று கொண்டுபோய், ஷூட்-அவுட்டில் 4–2 என்று வென்றார்களே, அந்த ஆட்டத்தில் ஸ்ரீஜேஷ் நின்ற விதம் யாருக்கு மறக்கும்?

விதி எழுதுகிறவர்களுக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. ‘புள்ளி ஏறினால் கூட்டம் சேரும்’ என்று தற்காப்பின் கையைக் கட்டினால், ரெய்டரின் துணிச்சலுக்கும் மதிப்பிருக்காது. பிடிக்கிறவருக்குக் கூலி கொடுங்கள்; ஏறுகிறவருக்கும் கொடுங்கள்; ஒதுங்குகிறவரிடம் வசூலியுங்கள். சூப்பர் டேக்கிள் முதலாவதைச் செய்தது. மூன்றாவதை ‘டூ ஆர் டை’ பாதிதான் செய்தது; இரண்டு ரெய்டுகளை இலவசமாக விட்டுவிட்டது.

பெரிய லீகுகள் இதை எப்போது சரி செய்யுமோ தெரியாது. ஊர்ப் போட்டி நடத்துபவர்கள் காத்திருக்க வேண்டியதில்லை. சிறந்த ரெய்டருக்கும் சிறந்த கேட்ச்சருக்கும் கொடுக்கும் பரிசு ஒரே தொகையாக இருக்கட்டும். ஸ்கோர் போர்டில் இரண்டு அணிகளின் புள்ளிக்குக் கீழே, இதுவரை எத்தனை வெறும் ரெய்டு என்று ஒரு எண் ஏறட்டும். அந்த எண் ஏறும்போதெல்லாம் மைக்காரர் அதை ஊருக்கே கேட்கிற மாதிரி படிக்கட்டும். கூட்டத்தின் நையாண்டியைத் தாங்கிக்கொண்டு மூன்றாவது முறையும் சும்மா திரும்பி வர எந்த ரெய்டருக்கும் மனசு வராது.